பூஜ்யம் ஏழு முப்பத்தொன்று

பகாவில், பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
கீழே டயர் கடை, மேலே நாங்கள்.
கதவில் பெயர்ப்பலகை கிடையாது.
கோப்பிக் கடைக்காரர் எங்களை
இன்சூரன்ஸ் ஆபீஸ் என்றே நினைத்திருக்கிறார்.
நான் திருத்தவில்லை.

பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து
இருதயங்கள் உறையில் வரும்.
கையெழுத்துப் போட்டு வாங்குவேன்.
பெயர் இருக்காது, ஊர் இருக்காது,
ஓர் எண், பிறந்த வருடம், அவ்வளவுதான்.
அவர் விழுங்குவது மருந்தா வெறும் மாவா
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு.
கம்ப்யூட்டர் முதலில் எண்ணும்.
அது தப்பாய் எண்ணியதை நான் எண்ணுவேன்.
இருமல், சொறிதல், வியர்வையில் கழன்ற ஒட்டு,
மோட்டார் ஏறி இறங்கிய செம்மண் பள்ளம்,
எல்லாம் கோட்டில் அழுக்காய் விழும்.
கழுவி எடுத்தால் அடியில் இருதயம்.

பூஜ்யம் ஏழு முப்பத்தொன்று.
பிறப்பு அறுபத்தாறில்.
கூடவே ஒரு தாள், பென்சிலில், மலாயில்:
காலை ஆறரை முதல் பதினொன்று வரை
'பாரிங் சஜா'.
சும்மா படுத்திருந்தாராம்.

படுத்திருந்தவர் கோடு இப்படி இருக்காது.
ஒரு சிலிர்ப்பு, நீண்ட இறுக்கம்,
வெடுக்கென்று ஓர் இழுப்பு,
பிறகு மூன்று விநாடி தசை சும்மா இருக்கும்.
மறுபடி சிலிர்ப்பு.

அந்த மூன்று விநாடியை எனக்குத் தெரியும்.
அரிவாள் கட்டிய கம்போடு பின்வாங்கி
செம்பனைக் குலை விழக் காத்திருக்கும் நேரம்.
பள்ளி விடுமுறையெல்லாம் உதிரிப்பழம் பொறுக்கியவள்.
அந்தத் தொப்
இன்னும் எனக்கு முதுகில்தான் கேட்கும்.

தோட்டத்தில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள்.
அறுபத்தாறில் பிறந்தவர் இன்னுமா வெட்டுகிறார்?
ஒருநாள் பெட்டி மாட்ட நாற்பது ரிங்கிட் தருகிறார்கள்.
குலைக்கூலி அதைவிட அதிகம்.
சட்டைக்குள் ஒயர் ஓட, கழுத்தில் பெட்டி ஆட,
நூற்றுப் பதினான்கு இழுப்பு.
எண்ணும்படி யாரும் சொல்லவில்லை.

அவ்வளவு நேரமும்
ஒரு பிசகு இல்லை.

பிசகியது ராத்திரி, மூன்று பன்னிரண்டுக்கு.
இந்தத் தடவை நிஜமாகவே படுத்திருக்கிறார்.
கோடு போகிறது, போகிறது,
நாலு புள்ளி ஆறு விநாடி
எதையும் எழுதாமல் போகிறது.
நான் மூச்சு விடவில்லை என்று
பக்கத்து மேசை அஸ்லினா பிறகு சொன்னாள்.

மூன்று விநாடி தாண்டினால் போன் போட வேண்டும்.
போட்டேன். எண்ணைச் சொன்னேன்.
எதிர்முனை நர்ஸ், "ஐயோ, சி..." என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.
விதி அவளுக்கும் உண்டு.

அறிக்கையில் 'தசை அசைவு' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
வேலை என்று எழுதவில்லை.
டாக்டர் ரெங்கநாயகி கண்ணாடிக்கு மேலாக
என்னைக் கொஞ்சம் பார்த்தார்,
பிறகு தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பசார் மாலாமில் இப்போதெல்லாம்
அறுபதை ஒட்டிய ஆண்களின்
இடது தோளெலும்புக்குக் கீழே பார்க்கிறேன்.
அசிங்கம்தான்.
சின்னையா, சிங்காரம், சிதம்பரம்,
யாரோ வெண்டைக்காய் உடைத்துப் பார்க்கிறார்,
யாரோ மீனுக்கு விலை பேசுகிறார்.
குளுவாங்கில் இருக்கலாம் அவர், கூலிமில் இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பன்னிரண்டாம் வாரம் எக்கோ வட்டு வந்தது.
அதே எண்.
சாம்பல் படத்தில் வலது அறைக்குள்
மெல்லிய வெள்ளைக் கம்பி ஒன்று
இறங்கி, அடியில் ஊன்றி,
ஒவ்வொரு துடிப்புக்கும் லேசாய் வளைந்தது.

படிவத்தில் பதினான்காம் கேள்வி: கருவி?
உண்டு என்று குறித்தேன்.
அளக்க வேண்டிய இடங்களை எல்லாம் அளந்தேன்.
கீழே யாருக்கோ டயரில் காற்றடித்தார்கள்.
பிறகு ஒரு தடவை
அளக்காமல்
ஓடவிட்டுப் பார்த்தேன்.